தீர்வைச் சுவரும் தொழிற்பேட்டையும்

சென்னையிலிருந்து மேற்கே செல்வோர் பாடி, அம்பத்தூர், ஆவடி என வரிசையாகத் தொழிற்சாலைகளைக் காண்பர். பூந்தமல்லி வழியே சென்றாலோ, ஊரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று புதிய ஆலைகள் தோன்றும். இந்த ஆலைகள் அவ்வவ்விடத்தில் எழுந்தமைக்கு நிலமும் நீரும் போலவே, துறைமுகத்தில் வாங்கப்பட்ட சுங்கத் தீர்வையும் ஒரு காரணம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை என்று நாடுகள் கூடி எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை, அம்பத்தூர்க் கடைசல் பட்டறையில் நிற்பவனுடைய கூலியைத் தொடுகிறது. அஃது எவ்வாறு என்பதைச் சரித்திர வழியில் பார்ப்போம்.

இத்தகைய உடன்படிக்கை நமக்குப் புதிதன்று. 1932 ஆகஸ்டில், உலகெங்கும் வாணிகம் முடங்கிக் கிடந்த வேளையில், கனடா நாட்டு ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் பொருளாதார மகாநாடு நடந்தது. இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். அங்கே செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்குப் பிற நாட்டுச் சரக்குகளைவிட நூற்றுக்குப் பத்து வீதம் தீர்வை குறைவு. மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை வீதம். பதிலுக்கு நம் ஆளிவிதை, தேயிலை, தோல் முதலியவற்றுக்குப் பிரிட்டன் சலுகை தந்தது. கொடுத்ததையும் பெற்றதையும் தராசில் வைத்துப் பாருங்கள். அவர்கள் விற்றவை யந்திரத்தில் செய்த பண்டங்கள். நாம் விற்றவை பெரும்பாலும் நிலத்திலும் மந்தையிலும் விளைந்தவை. மேலும், கையொப்பமிட்ட இரு தரப்புக்கும் எஜமானர் ஒருவரே. இதைப் பேரம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1936-ல் மத்திய சட்டசபையும் இதனை முடித்துக்கொள்ள வேண்டுமென்றே தீர்மானித்தது. ஒட்டாவாவை ஆதரித்து வாதாடிய செட்டியார் 1934 தேர்தலில் தோற்றார். அவரே 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

விடுதலைக்குப் பின் சுவர் எழுந்தது. இறக்குமதிக்கு லைசென்ஸ், அதன்மேல் உயர்ந்த தீர்வை. சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் நம் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டிகள். சைக்கிளை அனுப்பி விற்க வழியில்லையெனில், சைக்கிள் செய்பவனே இங்கு வந்தாக வேண்டும். அவ்வாறே 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூட்டாக அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையை நிறுவினர். அந்த ஆங்கிலக் கம்பெனியின் தலைவராயிருந்தவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு. அவர் பெயரால் அம்பத்தூரில் அமைந்த மருத்துவமனைக்குக் காய்ச்சலென்று செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் காரணத்தை அறிவார்களோ!

மாணவர்களே, அந்த ஆலையைச் சூழ என்ன வளர்ந்தது என்பதையே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சைக்கிளுக்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கு எஃகுக் குழாய் வேண்டும். 1955-ல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது. சங்கிலி வேண்டும், 1960-ல் அம்பத்தூரில் சங்கிலி ஆலை எழுந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளுக்கு மின்கருவியும் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் பாடியில் அமைந்தன. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. பெரிய ஆலை கேட்ட திருகாணியையும் வார்ப்பையும் சிறிய பட்டறை செய்து கொடுத்தது. அப்பட்டறையில் கை பழகியவன் சில ஆண்டுகளில் கடன் வாங்கித் தானே ஒரு பட்டறை வைத்தான். ஒரு வேலை இன்னொரு வேலையை ஈன்றது.

சுவருக்குக் குற்றமும் உண்டு. போட்டியில்லாதவன் பொருளைத் திருத்த மாட்டான். ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை எங்களுடையது. 1991-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது சுவரை இடிக்கத் தொடங்கினர். இடித்ததற்காக வருந்துவோர் அன்று அதிகம் இலர்.

1996 இறுதியில் சிங்கப்பூரில் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 1997-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இது இரு நாடுகளின் பேரம் அன்று. பல நாடுகள் கூடிக் கணினி, தொலைபேசிக் கருவி முதலியவற்றுக்குத் தீர்வையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. 2005-க்குள் நாமும் அத்தீர்வைகளை நீக்கினோம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனியின் கைபேசி ஆலை திறக்கப்பட்டது. அங்கே எண்ணாயிரம் பேர் அளவில் வேலை செய்தனர். அவர்களுள் பலர் கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்த இளம்பெண்கள். கைபேசியின் விலையும் எளியவருக்கு எட்டிற்று. இவை மெய்யான நன்மைகள்.

ஆயினும் அந்தக் கைபேசியின் உள்ளுறுப்புகளில் பெரும்பகுதி அயல்நாட்டில் செய்து வந்தவை. உறுப்புக்குத் தீர்வை இல்லை. முழுக் கருவிக்கும் இல்லை. எனவே கருவியை இங்கே பூட்டினாலும் சீனத்தில் பூட்டினாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. வரி வழக்கு ஒன்றினால் இவ்வாலை மைக்ரோசாப்ட் கம்பெனிக்குச் செய்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. மூடியதற்கு உடன்படிக்கை ஒன்றே காரணம் என்பது நேர்மையாகாது. ஆனால், ஆலை போன பிறகு அதன் தொழிலாளி சென்று சேர, அம்பத்தூரில் சைக்கிளைச் சூழ வளர்ந்ததைப் போன்ற பட்டறைக் கூட்டம் அங்கே வளர்ந்திருக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அதே பூந்தமல்லிச் சாலையில் இன்னொரு காட்சி. கொரியாவுடன் 2009-ல் செய்த உடன்படிக்கை 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, மோட்டார் உறுப்புகள் பலவற்றுக்குத் தீர்வை படிப்படியாகக் குறைந்தது. இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலைக்கு அது ஆதாயம்; அதே உறுப்பைச் செய்யும் நம் பட்டறைக்காரருக்கு அது புதிய போட்டி. ஒரே பத்திரம் ஒரே சாலையில் ஒருவருக்கு வரவாகவும் மற்றவருக்குச் செலவாகவும் எழுதப்படுகிறது.

கைபேசிக்கு வருவோம். 2017 ஜூலையில் இந்தியா அதன்மேல் மீண்டும் தீர்வை விதித்து, 2018-ல் நூற்றுக்கு இருபதாக உயர்த்தியது. 2024-ல் பதினைந்தாகக் குறைத்தது. உறுப்புகளுக்கும் ஒவ்வொன்றாகத் தீர்வை வந்தது. மூடிக் கிடந்த ஆலையைச் சால்காம்ப் என்னும் கம்பெனி வாங்கிக் கைபேசிக்கு மின்னேற்றும் சாதனங்களைச் செய்யலாயிற்று. ஆனால் 1997-ல் கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் உலக வாணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. இன்றைய கைபேசி அன்றைய உடன்படிக்கையில் அடங்காது என்பது நம் வாதம். 2023 ஏப்ரலில் நடுவர் குழுக்கள் அதனை ஏற்கவில்லை. மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய மன்றமோ, உறுப்பினர் நியமனம் தடைப்பட்டு 2019 டிசம்பரிலிருந்து செயலற்றுக் கிடக்கிறது.