டீசல் காரின் பழுதறிதல்: புகை முதல் ஸ்கேனர் வரை

டீசல் இன்ஜின் முதன்முதலில் நற்சான்று பெற்றதே எரிபொருள் கணக்கில்தான். 1897 பிப்ரவரி 17 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர், ருடால்ஃப் டீசலின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினை ஓடவிட்டு அளந்தார். நிமிடத்துக்கு 154 சுற்றில் அது ஏறத்தாழ 18 குதிரைத்திறன் கொடுத்தது. எரிபொருளில் இருந்த வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூட எட்டவில்லை. எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்று அன்று அளந்த இரண்டும்தான் இன்றும் டீசல் கார் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்கப்படுபவை. மைலேஜும் இழுவையும் ஒருசேரக் குறைந்தால் குறையை எங்கே தேடுவது என்பது இன்ஜினின் அமைப்பு மாறமாற மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு புகைக்கு உரியது. நெடுங்காலம் பழுதைக் காட்டிக்கொடுத்த சாட்சி அதுதான். பிற்காலத் தொழில்நுட்பம் மறைத்துவிட்டதும் அதைத்தான்.

தொடக்கத்தில் இன்ஜினுக்குள் எட்டிப்பார்க்க இருந்த கருவி இண்டிகேட்டர். ஜேம்ஸ் வாட்டும் அவருடைய உதவியாளர் ஜான் சதர்னும் நீராவி இன்ஜினுக்காக உருவாக்கிய இது, பிஸ்டன் நகர நகரச் சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தாளில் கோடாக வரைந்து காட்டும். 1893 ஆகஸ்ட் 10 அன்று டீசலின் முதல் சோதனை இன்ஜினில் எரிபொருள் பற்றிக்கொண்டபோது அழுத்தம் 80 பார் அளவுக்கு எகிறி, பொருத்தியிருந்த இண்டிகேட்டரே வெடித்துச் சிதறியது. பிறகு கப்பல்களிலும் மின் நிலையங்களிலும் ஓடிய பெரிய, நிதானமான டீசல்களுக்கு இந்தக் கருவியே மருத்துவராக இருந்தது. கோட்டின் உச்சி தாழ்ந்து சரிந்தால் எரிபொருள் தாமதமாக விழுகிறது. ஏறும் கோடே தாழ்ந்திருந்தால் வால்விலோ ரிங்கிலோ கசிவு. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் சிறிய இன்ஜினின் வேகத்துக்கு அதன் ஸ்பிரிங்கும் பென்சிலும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே சாலைக்கு வந்த டீசலை வெளியிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று.

டீசலைச் சாலைக்குக் கொண்டுவந்தது பம்ப். பழைய இன்ஜின்கள் எரிபொருளை அழுத்திய காற்றால் ஊதி உள்ளே செலுத்தின. அதற்குத் தேவையான கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றிச் செல்ல இயலாது. ராபர்ட் போஷ் 1922இல் டீசல் பம்ப் தயாரிப்பில் இறங்க முடிவெடுத்தார். 1927இல் ஸ்டுட்கார்ட்டில் தொடர் உற்பத்தி தொடங்கியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர். அது தன் உறைக்குள் சில மைக்ரான் இடைவெளியில் வழுக்கி, ஒரு முறைக்குச் சில பத்து கன மில்லிமீட்டர் டீசலை மட்டும் அளந்து தள்ளும். பிளஞ்சரைச் சற்றே திருப்பினால் அளவு கூடும் அல்லது குறையும். 1936இல் பெர்லின் கண்காட்சியில் வந்த மெர்சிடிஸ் 260 டி, இத்தகைய பம்ப்போடு 2.6 லிட்டர் இன்ஜினில் 45 குதிரைத்திறன் கொடுத்தது. அதை விரும்பி வாங்கியவர்களில் டாக்ஸிக்காரர்கள் முக்கியமானவர்கள். கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் டீசலை முதலில் நம்பினார்கள் என்பதில் வியப்பில்லை. மைலேஜ் குறைந்ததும் முதலில் முறையிட்டவர்களும் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பம்ப் காலத்து மெக்கானிக்குக்குப் புகைதான் பாடப்புத்தகம். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலந்து போகும். டீசலில் அப்படியில்லை: காற்று எப்போதும் முழுதாக உள்ளே போகிறது, ஆக்ஸிலரேட்டர் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டுமே. எனவே காற்றுக்கு மிஞ்சிய டீசல் விழுந்தால் மிஞ்சியது கரியாகி வெளியே வரும். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசில் சொட்டுதல், பம்ப் அளவு கூடிப்போதல், டைமிங் பின்தங்குதல் ஆகியவற்றில் ஒன்று. வெண்புகை என்றால் டீசல் எரியாமலே ஆவியாகி வெளியேறுகிறது: இன்ஜின் குளிர்ந்திருக்கிறது, அல்லது கம்ப்ரெஷன் போய்விட்டது. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது.

இவற்றைவிட நுட்பமானது, புகையே இல்லாமல் இழுவை குறைவது. காற்றுப் பஞ்சமும் டீசல் பஞ்சமும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: மேட்டில் வண்டி திணறும், ஓவர்டேக் செய்ய நான்காவது கியரிலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆனால் டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, டேங்கிலிருந்து வரும் குழாய் எங்கேனும் காற்றை உறிஞ்சினாலோ, இன்ஜினுக்குப் போகும் டீசலே குறைகிறது. புகை வராது, மைலேஜும் பெரிதாக அடிபடாது. காற்று குறைந்தால்தான் டீசல் வீணாகும். அப்போது புகையும் தெரியும், மைலேஜும் விழும். இழுவை மட்டும் போனதா, மைலேஜும் சேர்ந்து போனதா என்ற ஒரே கேள்வியில் பாதி இன்ஜினைத் தொடாமல் ஒதுக்கிவிடலாம். டீசல் பழுதறிதலில் உருவான மிகச் சிறந்த அறிவு இதுவே. இதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

குறை எந்தச் சிலிண்டரில் என்று அறிய, இன்ஜினை ஓடவிட்டபடியே நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் பைப்பைத் தளர்த்தினால் இன்ஜின் சட்டென்று தடுமாறும். சத்தம் மாறவே இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை. பிறகு நாசிலைக் கழற்றி, கைப்பிடி வைத்த சோதனைப் பம்ப்பில் மாட்டி அழுத்துவார்கள். அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போய், குறித்த அழுத்தத்தில் நாசில் கிறீச்சிட்டுத் திறக்க வேண்டும். டீசலை முதலில் ஒரு சிறு முன்னறைக்குள் பீய்ச்சும் பழைய கார் இன்ஜின்களுக்கு இது 100 பாரைத் தாண்டிய ஓர் அளவு, நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களுக்கு 200 பாரை ஒட்டி. வெளிவரும் டீசல் மூடுபனிபோல விரிய வேண்டும். கோடாகப் பீய்ச்சினாலும், திறப்பதற்கு முன் நுனியில் ஈரம் கசிந்தாலும் நாசில் தேறவில்லை. பம்ப்பைச் சோதிப்பது இன்னும் கவனமான வேலை. மோட்டார் சுழற்றும் பெஞ்சில் பம்ப்பை ஏற்றி, சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் அளவுக் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெயைப் பிடித்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். அளவு சரியானதும் திருகுகளைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைப்பது வழக்கம்.

இந்தியாவில் இந்தக் கலை லாரிகளோடு வளர்ந்தது. 1950களில் சென்னையில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்தது; எண்ணூரில் அசோக் லேலண்ட் எழுந்தது; 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் போஷ் தொழில்நுட்பத்தில் பம்ப்களையும் நாசில்களையும் பெங்களூரில் செய்தது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் பம்ப்-நாசில் கடை தனித் தொழிலாகவே நிலைத்தது. இன்ஜின் மெக்கானிக் பம்ப்பைக் கழற்றிக் கொடுப்பார். திறப்பது பம்ப்காரர் வேலை. இந்தப் பிரிவினை நியாயமானது, மைக்ரான் கணக்கிலான பிளஞ்சருக்குத் தூசியே எமன். முத்திரையை உடைத்து அளவுத் திருகைக் கூட்டிவைத்து இழுவை தேடும் பழக்கமும் இருந்தது. கொஞ்சம் இழுவை கூடும். கரும்புகையும் டீசல் செலவும் அதைவிட அதிகமாகக் கூடும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், நிறுத்திவைத்த வண்டியை முறுக்கி அளக்கும் புகைக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு விதித்தன. கண்ணால் பார்த்துச் சொன்ன புகை அப்படித்தான் சட்டத்தின் பார்வைக்கு எண்ணாக மாறியது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்னொரு தொல்லை. அது டீசலைவிட நீர்த்தது, வழவழப்புக் குறைந்தது. பிளஞ்சர் ஓரமாகக் கசிந்து, இன்ஜின் சூடேறியதும் இழுவையைத் தின்றது.

1970களின் இறுதியில் டீசல் அம்பாசடர் வந்தபோது லாரிப் பட்டறைகளின் அறிவு கார்களுக்கும் வந்தது. 1489 சி.சி. இன்ஜின், 40 குதிரைத்திறன்கூட இல்லை. அதில் சிறு குறையும் உடனே உறைக்கும். அதனால் நல்ல பட்டறைகள் இன்ஜினைத் திறப்பதற்கு முன் வண்டியைச் சோதித்தன. ஹேண்ட்பிரேக்கை விட்டுச் சமதளத்தில் கையால் தள்ளிப் பார்ப்பது, நாலு சக்கரத்தையும் தொட்டு எந்த டிரம் சுடுகிறது என்று பார்ப்பது, டயர் காற்று, கிளட்ச் வழுக்கல், திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். இவற்றில் எதற்கும் பம்ப் கடைக்குப் போகத் தேவையில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடும் ஃபுல் டேங்க் முறையே மைலேஜுக்கு அளவுகோல். பின்னாளில் டாஷ்போர்டில் வந்த எண்ணைவிட அது நம்பகமானது என்பதில் ஐயமில்லை.

இதற்கிடையே ஐரோப்பாவில் இன்ஜின் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1976இல் கோல்ஃப் டீசல் சிறு காருக்குள் டீசலைக் கொண்டுவந்தது. 1978இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி., காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவோடு வந்தது. 1989இல் ஆடி 100 டி.டி.ஐ., டர்போவையும் நேரடிப் பீய்ச்சலையும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் ஒன்றாக்கியது. உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளந்து சொல்ல, அந்தக் காற்றுக்கு எவ்வளவு டீசல் தாங்குமோ அவ்வளவே கம்ப்யூட்டர் அனுமதித்தது. காற்றளவு சென்சார் அழுக்கேறிக் குறைத்துச் சொன்னால், இருக்கிற காற்றுக்குரிய டீசலும் வெட்டப்பட்டது. வண்டி இழுக்காது, ஆனால் பின்னால் புகையே இராது. காற்றுப் பஞ்சமும் டீசல் பஞ்சமும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகிவிட்டன. பழைய மெக்கானிக்கின் முதல் பாகுபாடு இங்கே செயலிழந்தது.

1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு காமன் ரெயில் வந்தது. ஃபியட் உருவாக்கி, போஷ் விலைக்கு வாங்கி உற்பத்திக்குக் கொண்டுவந்த முறை இது. ஒரு பொதுக் குழாயில் 1350 பார் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு என்பதை மின்சாரம் தீர்மானிக்கும். இந்தியக் கார்களில் இதை 2002இல் கொண்டுவந்தது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட். அதோடு பைப்பைத் தளர்த்தும் சோதனை முடிவுக்கு வந்தது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும். அதற்கு மாற்றாக வந்தது ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனிச் சிறு குப்பிகளில் பிடித்து, எது சீக்கிரம் நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று அறிவார்கள். பழைய பெஞ்சின் கண்ணாடிக் குழாய்களுக்கு இது நேர் வாரிசு. புதிய இன்ஜெக்டர் மாட்டினால் அதன் தலையில் பொறித்த குறியீட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சில வகைகளில் அதைச் சொல்லாமல் விட்டாலே இன்ஜின் கரகரத்து மைலேஜ் குறையும்.

ஸ்கேனர் பட்டறைக்குள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் செருகினால் பழுதுக் குறியீடு தெரியும். இங்கேதான் மிகப் பெரிய தவறு வேரூன்றியது: குறியீட்டைப் பழுதின் பெயராக எடுத்துக்கொள்வது. பி0299 என்றால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, அவ்வளவே. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கீறல் இருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய் கழன்றிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். சில நூறு ரூபாயில் முடியும் ரப்பர் குழாய்க்காகப் பல்லாயிரம் ரூபாய் டர்போவை மாற்றிவிட்டு, அதே குறியீட்டோடு காரைத் திரும்ப ஓட்டிவந்த உரிமையாளர்கள் நிறைய. ஸ்கேனரின் உண்மையான பயன் குறியீட்டில் இல்லை, ஓட்டத்தில் உள்ளது. மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பார்ப்பதே சோதனை. ரெயில் அழுத்தம் பின்தங்கினால் டீசல் பக்கம், டர்போ அழுத்தம் பின்தங்கினால் காற்றுப் பக்கம். புகை சொன்ன பாகுபாடு இப்படி எண்களாகத் திரும்பக் கிடைத்தது.

கடைசி மறைப்பு சைலன்சரில் நிகழ்ந்தது. 2000இல் பெஜோ 607 காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த கரித்துகள் வடிகட்டி, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகளோடு இந்திய டீசல் கார்களுக்கும் பரவலாக வந்தது. கரி வெளியே வருவதில்லை, உள்ளே சேர்கிறது. சேர்ந்ததை 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரிக்க, இன்ஜின் கூடுதல் டீசல் செலவிடும். நகர நெரிசலில் சிறு தூரமே ஓடும் காரில் சூடு எட்டாமல் எரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். மைலேஜ் சரிகிறது, அடைப்பால் இழுவை போகிறது, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவுக்கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அதுவே இதன் அடையாளம். அடிக்கடி அடைக்கும் வடிகட்டியின் பின்னால் பெரும்பாலும் வேறொரு பழைய குறை நிற்கும்: கரி படிந்து மூடாத ஈ.ஜி.ஆர். வால்வு (கழிவுப்புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்புவது), சொட்டும் இன்ஜெக்டர், கசியும் டர்போ குழாய். முன்பு கரும்புகையாகத் தெரிந்திருக்கும் இவை இப்போது வடிகட்டிக்குள் ஒளிந்துகொள்கின்றன.

வடிகட்டி உள்ள காரைப் பழைய புகை மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யமே காட்டும்; வடிகட்டியில் விரிசல் விட்டிருந்தாலும் பல நேரம் தேறிவிடும். ஆகவே பெல்ஜியம் 2022இலும், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகியவை 2023இலும் வாகனத் தகுதிச் சோதனையில் புகையின் கருமைக்குப் பதிலாக, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. இன்ஜினை வெறுமனே ஐடிலில் ஓடவிட்டு, சைலன்சர் முனையில் குழாயைச் செருகினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும், வடிகட்டியைக் கழற்றி வெற்றுக் குழாயாக்கிய வேலையும் அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.