1888 நியூயார்க் பெரும் பனிப்புயல்

1888 மார்ச் 11 முதல் 14 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கரையோரத்தைத் தாக்கிய கடும் பனிப்புயல் 'பெரும் வெண்புயல்' என்றும் அழைக்கப்படுகிறது. இதில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் நியூயார்க் நகரத்தினர். நகரில் 21 அங்குலப் பனி பெய்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் போன்ற ஊர்களில் 40 அங்குலத்துக்கும் மேல். ஆனால் பெய்த அளவைவிட, காற்று அதை வாரிக் குவித்த விதமே கொடுமை. சில தெருக்களில் பனிமேடு மாடிச் சன்னலைத் தொட்டது.

அதற்கு முந்தைய நாட்கள் இதமான வெயிலுடன் இருந்தன. அக்காலத்தில் வானிலையைக் கணித்துவந்த இராணுவச் சமிக்ஞைப் பிரிவு இப்படியொரு புயலை எதிர்பார்க்கவில்லை. ஞாயிறன்று மழை பெய்தது. நள்ளிரவுக்குப் பின் அது பனியாக மாறியது. மார்ச் 12 திங்கட்கிழமை, வேலைநாள். வந்தால்தான் கூலி என்றிருந்த காலம் அது. ஆகவே தையற்கூடப் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் எழுத்தர்களும் வழக்கம்போல் புறப்பட்டார்கள். இறப்புகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகரில் அன்று சுரங்க ரயில் இல்லை. தெருவில் குதிரைகள் இழுக்கும் டிராம். தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ஓடும் நீராவி ரயில். டிராம்கள் காலையிலேயே நின்றுவிட்டன. குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு வண்டியை அப்படியே தெருவில் விட்டுச் சென்றனர். மேம்பால ரயில்களும் தண்டவாளத்தில் பனி உறைந்ததால் நிலையங்களுக்கு இடையே நின்றுபோயின. சுமார் 15,000 பேர் அந்தரத்தில் சிக்கிக்கொண்டனர். மூன்றாம் அவென்யூ தடத்தில் நின்றிருந்த ரயிலின் மீது பின்னால் வந்த ரயில் மோதியதில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். கீழே சிலர் ஏணிகளைக் கொண்டுவந்து சாத்திப் பயணிகளை இறக்கிவிட்டனர், இலவசமாக அல்ல. ரயில் கட்டணம் ஐந்து சென்ட். ஏணிக்கு அதைப்போல் பல மடங்கு கேட்டார்கள்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தவர்களுக்குத் திரும்புவது அதைவிடக் கடினமாயிற்று. முன்னாள் செனட்டர் ராஸ்கோ காங்லிங் வால் தெருவிலிருந்து மாலையில் புறப்பட்டபோது வாடகை வண்டிக்காரர் 50 டாலர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் மறுத்து நடந்தார். அப்போது அவருக்கு வயது 58. மாடிசன் சதுக்கத்தை நோக்கிச் சென்றவர் யூனியன் சதுக்கத்தில் இடுப்பளவுக்கும் மேலான பனியில் சிக்கி, அரும்பாடுபட்டு மீண்டு போய்ச் சேர்ந்தார். பின்னர் நோயுற்று ஏப்ரல் 18-இல் காலமானார். வசதி படைத்தவருக்கே இந்தக் கதி என்றால் கூலிக்காரர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலருடைய பெயர்கூடப் பதிவில் இல்லை.

செவ்வாயன்று ஈஸ்ட் ஆற்றில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ள, புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே ஆயிரக்கணக்கானோர் ஆற்றின் மேலேயே நடந்து சென்றனர். நீரோட்டம் திரும்பியதும் கட்டிகள் பிளந்தன. மிதந்து சென்ற துண்டுகளிலிருந்து சிலரைப் படகுகள் மீட்டன.

தந்திக் கம்பங்கள் சாய்ந்ததால் பாஸ்டனுக்குச் செய்தி அனுப்ப அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியே இலண்டனைச் சுற்ற வேண்டியிருந்தது. கம்பிகளைப் புதைக்க வேண்டும் என்ற சட்டம் 1884-லேயே வந்திருந்தும் நிறுவனங்கள் காலம் கடத்தின. புயலுக்குப் பிறகும் உடனே மாறவில்லை. 1889-இல் மின்கம்பியில் பணியாளர் ஒருவர் மக்கள் கண்ணெதிரே இறந்த பின்னரே கம்பங்கள் வேகமாக அகற்றப்பட்டன.

சுரங்க ரயிலும் இப்புயலால்தான் வந்தது என்று பலர் எழுதுவதுண்டு. அது பாதி உண்மையே. மேயர் ஏப்ரம் ஹியூவிட் புயலுக்குச் சில வாரங்கள் முன்பே அத்திட்டத்தை முன்வைத்திருந்தார். புயல் அதற்கு வலுச் சேர்த்தது. பாஸ்டன் 1897-இல் முந்திக்கொண்டது. நியூயார்க்கில் 1904 அக்டோபர் 27 அன்று முதல் தடம் திறக்கப்பட்டது. கட்டணம் அப்போதும் ஐந்து சென்ட்தான்.