பற்றரிக் கருவிக்கும் ஒரு முத்திரை

மருத்துவ மின்கருவிகளுக்கான பாதுகாப்பு விதிகள் மின்னதிர்ச்சிப் பயத்தில் பிறந்தவை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1977 இல் வெளியிட்ட ஐ.இ.சி. 60601 நியமத்தின் பெருங்கவலை, கருவியிலிருந்து நோயாளியின் உடலுக்குள் கசியும் மின்னோட்டம். இதயத்தை நேரடியாகத் தொடும் கருவி வழமையான நிலையில் 10 மைக்ரோ அம்பியருக்கு மேல் கசியவிடக்கூடாது என்னுமளவுக்குக் கண்டிப்பு இருந்தது. சுவர் மின்சாரத்தோடு ஒட்டுறவில்லாத பற்றரிக் கருவி இந்தக் கணக்கில் எளிதாக நல்ல பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அதன் ஆபத்து அது காட்டும் பிழையான எண்ணில் இருக்கிறது. 2005 இல் வந்த மூன்றாம் பதிப்புத்தான், கருவி தன் வேலையைச் சரியாகச் செய்வதையும் பாதுகாப்பின் பகுதியாக்கியது. வீட்டுப் பாவனைக் கருவிகளுக்கான 2010 ஆம் ஆண்டு நியமம், 5 முதல் 40 பாகை வெப்பத்திலும் 93 வீத ஈரப்பதனிலும் அவை பிசகாமல் இயங்கவேண்டும் என்றது.

இந்த மாற்றம் மாத்தளைக்கு மிகவும் வேண்டியது. தம்புள்ளையின் வெயிலும் நக்கிள்ஸ் மலையின் பனிமூட்டமும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. கோப்பித் தோட்டத் தொழிலாளரை முன்னிட்டு வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1872 இல் வந்த நாளிலிருந்து, தோட்டத்து மக்களுக்கு முதல் வைத்தியம் பெரும்பாலும் சிறிய டிஸ்பென்சரிதான். அங்கே பிரஷர் கருவி காட்டும் எண்ணை உடனே சரிபார்க்க இன்னொரு டொக்டரோ ஆய்வுகூடமோ பக்கத்தில் இல்லை. 1980 இன் 27 ஆம் இலக்கச் சட்டம் கருவியைச் சந்தைக்கு வருமுன் பதியச் சொன்னது; அதன் இடத்துக்கு வந்த 2015 இன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் அதையே சொல்கிறது. அது அவசியம், ஆனால் மேசையில் ஐந்தாண்டு கிடந்த கருவியைப் பற்றி அந்தப் பதிவு எதுவும் சொல்லாது.

வெளிநாட்டுச் சான்றிதழ் போதாதா என்று கேட்கலாம். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றருக்கும் சான்றிதழ் இருந்தது. அது கவனிக்காமல் விட்ட ஒட்சிசன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருந்தோல் மக்கள் வாழும் நாட்டில் இதைக் கடந்து போக முடியாது. மலிவான கருவிதானே, பழுதானால் புதிது வாங்கலாம் என்பது இன்னொரு வாதம். பற்றரி தீர்ந்தால் கருவி நின்றுவிடும், தெரிந்துவிடும். உணரி தேய்ந்தாலோ அது எண் காட்டிக்கொண்டேயிருக்கும், அந்த எண்ணை நம்பித்தான் மாத்திரை கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். மாத்தளையில் மிளகு நிறுக்கும் வியாபாரியின் தராசை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட அளவீட்டு அலகுகள் திணைக்களம் இருக்கிறது. தாய்மாரின் குருதியமுக்கத்தை அளக்கும் கருவிக்கும் அதே முறை வேண்டும். செலவும் பெரிதல்ல: மாவட்டப் பொது வைத்தியசாலையில் நம்பகமான ஓர் அமுக்கமானி, ஒரு கவர்க்குழாய், கையால் அமுக்கும் காற்றுப்பந்து. அமுக்கமானியின் வாசிப்பும் கருவியின் வாசிப்பும் 3 மில்லிமீற்றர் பாதரசத்துக்கு மேல் விலகினால் அந்தக் கருவி டிஸ்பென்சரிக்குத் திரும்பக்கூடாது.