கோடு போட்டவர்

கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் இரண்டு பேர் சேர்ந்து ஆர்சிங்க் என்ற நிரலை உருவாக்கினார்கள். ஒருவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், இன்னொருவர் பால் மெக்கராஸ். ஒன்பது வருடம் கழித்து முதலாமவர் ஒரு கலகத்துக்குக் காரணமானார். அந்தக் கலகத்தில் பிறந்த பிள்ளைக்குக் கண் திறந்து வைத்தவர் இரண்டாமவர்.

அப்போது லினக்ஸ் கெர்னலின் மாற்றங்களெல்லாம் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளில் இருந்தன. கெர்னல்காரர்களுக்கு இலவசம்தான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. அதன் சர்வரோடு பேசும் ஒரு நிரலை டிரிட்ஜெல் தனியாக எழுதப்போக, இலவச உரிமம் பறிபோனது. பெரிய திருட்டு வேலையொன்றும் இல்லை. சர்வரோடு டெல்நெட்டில் இணைந்து ‘ஹெல்ப்’ என்று அடித்தாலே அது தன் கட்டளைகளை ஒப்பித்துவிடும் என்று பிறகு மேடையிலேயே செய்து காட்டினார். அதற்கு மாற்றாக 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் கிட்டை எழுதினார்.

கிட் வேகமாக ஓடியது. பார்க்கத்தான் ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் 40 எழுத்து அடையாள எண்கள் வரிவரியாக ஓடும். பிட்கீப்பரில் வரலாற்றைப் படமாகக் காட்ட ரெவ்டூல் என்றொரு ஜன்னல் இருந்தது; அதில் பழகியவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்திருக்கும்.

மெக்கராஸ் அப்போது கெர்னலின் பவர்பிசி பகுதியைக் கவனித்துவந்தார். கோப்புறைகளை ஒப்பிட்டுக் காட்டும் டிர்டிஃப் என்ற கருவியை டிக்கிள், டிகே கொண்டு ஏற்கெனவே எழுதியிருந்தவர். 2005 மே மாதம் அதே கைப்பழக்கத்தில், கிட்டின் வரலாற்றைப் படமாகக் காட்டும் கிட்கே வந்தது. சாம்பல் நிறப் பொத்தான்கள், மேலே வரைபடம், கீழே பேட்ச். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உள்ளே நடப்பதுதான் அழகு. கிட்டில் கோடு என்று எதுவும் சேமிக்கப்படுவதே இல்லை. ஒரு கமிட்டுக்கு, அதாவது பதிவான ஒரு மாற்றத்துக்கு, தன் பெற்றோர் யார் என்று மட்டும் தெரியும். பிள்ளைகள் யார் என்று தெரியாது. தேதியை நம்பி அடுக்கவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவர் கணினிக் கடிகாரமும் ஒரு நேரம் காட்டும். ஆகவே எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைக்கு மேலே வந்துவிடாதபடி வரிசைப்படுத்தி, புதியதை உச்சியில் வைத்து, ஒவ்வொரு கமிட்டிலிருந்தும் பெற்றோரை நோக்கிக் கீழே கோடு இறக்க வேண்டும். இரண்டு கிளைகள் இணையும் மெர்ஜ் வந்தால் பெற்றோர் இருவர், கோடும் இரண்டு. இரண்டு பிள்ளைகளுக்குப் பொதுவான பெற்றோர் வந்தால் கோடுகள் அங்கே சேரும். எந்தக் கோட்டை எந்தப் பத்தியில் ஓடவிட்டால் சிக்கு விழாது என்பதில்தான் வேலை முழுவதும்.

ஜூன் 22 அன்று கிட்கேயை கிட்டோடு சேர்த்தார் டோர்வால்ட்ஸ். கோப்பை நகலெடுத்து ஒட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அவரோ மெக்கராஸின் களஞ்சியத்தை அதன் முழு வரலாற்றோடு இழுத்துவந்து மெர்ஜ் செய்தார். இரண்டுக்கும் பொதுவான மூதாதை எதுவுமில்லை. இதுவரை நடந்ததிலேயே அட்டகாசமான மெர்ஜ் என்ற பொருளில் தலைப்பு வைத்து மடல் அனுப்புமளவுக்கு அவருக்கு உற்சாகம்.

கிட்டின் மூலநிரலை வைத்திருப்பவர்கள் அதைக் கிட்கேயிலேயே திறந்து அந்த நாள்வரை இறங்கிப் பார்க்கலாம். பக்கவாட்டிலிருந்து ஒரு கோடு வந்து சேர்ந்திருக்கும். அதைப் பிடித்துக் கீழே போனால் அது கிட்டின் முதல் கமிட்டைத் தொடாது. தன் சொந்த வேரில் போய் நின்றுவிடும். அந்த முதல் கமிட்டின் செய்தியில், கிட்கேயின் ஆரம்பப் பதிப்பைச் சேர்ப்பதாக எழுதியிருக்கிறார் மெக்கராஸ். சேர்த்த இடம், கிட்டுக்கு முந்தைய கருவியான சிவிஎஸ்.