தூத்துக்குடி கைமாறிய பிறகு

1783 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே பீரங்கிகளும் வெடிமருந்தும் 40,000 வராகனும் இருந்தன. பணத்தை அங்கேயே சிப்பாய்களுக்குப் பங்கிட்டுவிட்டார். கூடவே ஓர் ஆவணமும் சிக்கியது: கொழும்பு டச்சு அரசும் கட்டபொம்ம நாயக்கரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலப்படி. வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வரும் முன்பு நடந்த கதை இது.

பீரங்கியும் ஒப்பந்தமும் ஒரே இடத்தில் கிடைத்ததை யதேச்சை என்று தள்ளிவிட முடியாது. கரிசல்காட்டுக் கொல்லுப்பட்டறையில் வாளும் வல்லயம் என்ற ஈட்டியும் அடிக்கலாம். பீரங்கி வேண்டுமென்றால் கடல்வழியில் ஒரு நட்பு வேண்டும். 1658 முதல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பையும் துணி வியாபாரத்தையும் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் அந்த நட்பு. 1782இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள், சமாதானத்தில் திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மறுபடி பிடித்தார்கள். அதோடு பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்துக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தும் கடலில் ஆளில்லாமல் போனது.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் உத்தரவிட்டார். ஆனால் 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரத்துக்குள் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது.

மார்ச் 31 அன்று கிழக்கிந்தியக் கும்பினிப் பீரங்கிகள் சுவரை உடைத்தன. உடைப்பில் ஏறியவர்களால்தான் உள்ளே இறங்க முடியவில்லை. கொத்தளங்களின் உள்பக்கம் குடைவாக இருந்தது. அந்தக் குடைவுக்குள் நின்றவர்கள் 18, 20 அடி நீள வல்லயங்களால், மேலே தலை காட்டியவர்களைக் குத்தித் தள்ளினார்கள். ஏறிய 120 ஐரோப்பியரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர் என்று அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார்.

இதைக் காவியமாக்கவும் வேண்டாம். கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்ததும், மே 24இல் கோட்டை விழுந்தது. வல்லயம் பீரங்கியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

அந்தத் தாமதத்தையும் கும்பினி மன்னிக்கவில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் விட்ட அறிவிப்பின்படி, துப்பாக்கி மட்டுமல்ல, வல்லயம் ஏந்தினாலும் மரண தண்டனை.

நம் காலத்துத் தொழில்நுட்பத் தடைகளிலிருந்து இந்த ஆயுதத் தடை வேறுபடும் இடம் இங்கேதான். ரஷ்யாவின் கிரையோஜெனிக் ராக்கெட் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வரக்கூடாதென்று 1992இல் அமெரிக்கா இஸ்ரோ மீது தடை விதித்தது. அதே நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சோதனைகள் தொடர்ந்தன. 2010இல் முதல் முயற்சி தோற்றாலும் 2014 ஜனவரியில் உள்நாட்டு கிரையோஜெனிக் இயந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆனாலும் இறக்குமதிக் கதவை மூடியவர்களால் பட்டறையைப் பூட்ட முடியவில்லை. 1801இல் கும்பினி பட்டறைக்கே பூட்டுப் போட்டது. 1878 ஆயுதச் சட்டம் உரிமமில்லாமல் ஆயுதம் வைப்பதை நாடு முழுக்கக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது.