ஆறு இலக்கங்கள் சொல்லும் ஊர்

கடிதம் எழுதுதல் ஒரு கலை எனின், அக்கடிதம் உரியவர் கையைச் சென்றடையும் வண்ணம் முகவரி எழுதுதல் ஒரு கடமையாகும். கலையில் குறை நேர்ந்தால் படிப்பவர் பொறுத்துக்கொள்வார். கடமையில் குறை நேர்ந்தாலோ, படிப்பதற்கே ஒருவர் இல்லாமற் போய்விடுவார்.

பெயர் ஒன்றாகவும் அது குறிக்கும் பொருள் பலவாகவும் அமையுமிடத்துக் குழப்பம் பிறக்கிறது. அதைத் தீர்க்க எண் துணைக்கு வருகிறது. இவ்வுண்மையை இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே காண்கிறோம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஸராவின் ஆளுநராயிருந்த அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், தமக்கு வரும் கடிதங்களில் காலக்குறிப்பு இல்லாமையால் இடர்ப்படுவதாகத் தலைநகருக்கு எழுதினார்கள் என்பர் வரலாற்றாசிரியர். ஷஃபான் மாதம் என்று மட்டும் குறித்த ஓர் ஆவணம் கலீஃபாவின் முன் வந்தபோது, அது சென்ற ஆண்டின் ஷஃபானா, இவ்வாண்டின் ஷஃபானா என்ற ஐயம் எழுந்ததென்றும் கூறுவர். ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கணக்கு வகுக்கப்பட்டதற்கு இவ்வையமே காரணமாயிற்று. மாதத்தின் பெயரோடு ஆண்டின் எண் சேர்ந்தது, குழப்பம் அகன்றது.

காலத்தைப் பற்றி அன்று எழுந்த அதே வினா, இடத்தைப் பற்றி நம் நாட்டுத் தபால் துறையில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையே நாம் முகவரியின் இறுதியில் எழுதும் ஆறு இலக்கங்கள்.

அரசர் தபாலும் மக்கள் தபாலும்

தபாலுக்கு அரபு மொழியில் 'பரீத்' என்று பெயர். உமய்யா ஆட்சியைத் தோற்றுவித்த முஆவியா (ரலி) அவர்கள் இதனை ஒழுங்குபடுத்தினார்கள்; பின்வந்த அப்துல் மலிக் விரிவுபடுத்தினார். அப்பாசியர் காலத்தில் அது தனித் துறையாகவே விளங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ஈரான் நாட்டு மலைப்பகுதியில் தபால் தலைவராகப் பணியாற்றிய இப்னு குர்தாத்பிஹ், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வழி, எவ்வளவு தொலைவு என்பதை நிரல்படத் தொகுத்து நூலாக்கினார். ஊரின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது, அது எவ்வழியில் எதற்கு அடுத்து இருக்கிறது என்பதையும் அறிய வேண்டும் என்பதை அத்துறையினர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

பதினான்காம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் தபால் ஏற்பாட்டை வியந்து எழுதியிருக்கிறார். குதிரைத் தபாலைக் காட்டிலும் ஓட்டக்காரர் தபால் விரைவானது என்கிறார் அவர். ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஓடுபவரின் ஒரு கையில் கடிதம், மறு கையில் செப்பு மணிகள் கோத்த கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தார் ஆயத்தமாகிவிடுவர். இவற்றைக் கண்ட இப்னு பதூதா பின்னர் நம் மதுரைக்கும் வந்து, இங்கு ஆண்ட சுல்தான்களைப் பற்றியும் எழுதிவைத்தார்.

இத்தபாலில் முகவரி என்னும் சிக்கல் எழவேயில்லை. எழுதுபவர் அரசு அலுவலர், பெறுபவர் அரசர். அரசர் இருக்குமிடம் எவருக்குத்தான் தெரியாது? எல்லா மக்களும் எல்லா மக்களுக்கும் கடிதம் எழுதலாம் என்ற நிலை வந்த பிறகே முகவரி ஒரு சிக்கலாயிற்று. இந்தியாவில் அந்நிலை 1854-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நாடு முழுமைக்குமான தபால் தலைகள் வெளிவந்தபோது முழுமையாகத் தொடங்கிற்று எனலாம். தொலைவு எதுவாயினும் சாதாரணக் கடிதத்திற்கு அரையணா. ஏழை வீட்டுத் தாயும் வெளியூரிலுள்ள மகனுக்கு எழுத வழி பிறந்தது.

வீதி ஒன்று, திசை நான்கு

மதுரை நகரின் அமைப்பைச் சற்று நோக்குவோம். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நான்கு பிரிவுகள். மாசி வீதி என்று மட்டும் எழுதினால் நான்கில் எது? மேல வீதி என்று மட்டும் எழுதினால் ஐந்தில் எது? ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்ட கடிதம் ஊர் வந்து சேர்ந்தும் வீடு வந்து சேராது.

ஒரு நகருக்குள்ளேயே இவ்வாறெனின் நாடு முழுவதற்கும் என்னாவது? மதுரை மாவட்டத்தில் ஒரு திருமங்கலம் உண்டு. சென்னையிலும் ஒரு திருமங்கலம் உண்டு. மதுரையில் கே. கே. நகர் உண்டு, சென்னையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. அண்ணா நகர் இல்லாத ஊர் அரிது. தலைவர்கள் பெயரைப் புதிய குடியிருப்புகளுக்குச் சூட்டுவது போற்றத்தக்கதே. ஆயினும் கடிதம் பிரிப்பவருக்கு அது பெரும் சோதனையாயிற்று.

அதற்கு மேல் மொழிச் சிக்கல். நம் குடும்பங்களில் முற்காலத்தில் கடிதத்தின் உள்ளே அரபுத்தமிழில் எழுதி, உறையின் மேல் தமிழிலோ ஆங்கிலத்திலோ முகவரி எழுதும் வழக்கம் இருந்தது. இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வணிகம் செய்த பெரியோரின் கடிதங்களை இன்றும் சில இல்லங்களில் காணலாம். தமிழில் எழுதிய முகவரியை வட இந்தியாவிலும், வங்காளியில் எழுதிய முகவரியைத் தமிழகத்திலும் படிப்பவர் யார்? ஆங்கிலத்தில் எழுதினாலும் ஓர் ஊரின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவர்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்தது பிரிப்பாளரின் நினைவாற்றலே. இருப்புப் பாதை வந்த பிறகு, ஓடும் இரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் இரயில்வே தபால் பணி ஏற்பட்டது. அறை அறையாகப் பகுத்த மரத்தட்டின் முன் நின்று, விளக்கொளியில், வண்டியின் ஆட்டத்திற்கிடையே, இக்கிராமம் எந்தத் தபால் நிலையத்தைச் சேர்ந்தது என்று கணப்பொழுதில் நினைவுகூர்ந்து கடிதத்தை உரிய அறையில் இட வேண்டும். அன்னோர் மனப்பாடமாக வைத்திருந்த ஊர்ப் பட்டியல் ஒரு பெரிய நூலுக்கு ஒப்பாகும். ஆயினும் அப்பட்டியல் அவர்தம் நெஞ்சிலேயே இருந்தது. அனுபவம் மிக்கவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவருடன் போயிற்று.

உரியவரும் கிடைக்காமல், அனுப்பியவரும் அறியப்படாமல் நின்றுபோன கடிதங்களுக்கெனத் தபால் துறையில் ஒரு தனி அலுவலகமே இருந்தது. 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்பது அதன் பழம்பெயர். திருமணச் செய்தியும் மரணச் செய்தியும் கடன் தீர்த்த செய்தியும் அங்கே ஒருங்கே கிடந்திருக்கும். எழுதியவர் மறுமொழி இல்லையே என்று மனம் நொந்திருப்பார். எதிர்பார்த்தவர் தம்மை மறந்துவிட்டாரே என்று வருந்தியிருப்பார். இருவர் மீதும் குற்றமில்லை. இடையில் ஒரு சொல் குறைந்தது, அவ்வளவே.

1972-இல் பிறந்த விடை

இக்குழப்பத்தைத் தீர்க்க 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், விடுதலையின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவன்று, 'பின்கோடு' எனப்படும் தபால் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராயிருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மராட்டியரான இவர் சமஸ்கிருதப் புலவரும் ஆவார். சொற்களையே ஆண்டு வந்த ஒருவர், சொற்களால் இயலாததை எண்களிடம் ஒப்படைத்தது நினைந்து இன்புறத்தக்கது.

இம்முயற்சியில் நாம் முதல்வர் அல்லர். இலண்டன் மாநகர் 1857-58 அளவில் தபால் வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டது. ஜெர்மனி 1941-லும் அமெரிக்கா 1963-லும் எண்முறையை ஏற்றன. ஆயினும் இத்தனை மொழிகளும் எழுத்துகளும் வழங்கும் நம் நாட்டிற்கே இதன் தேவை மிகுதி.

நம் ஊர் எண்ணையே எடுத்துக்கொள்வோம். மதுரைத் தலைமைத் தபால் நிலையத்தின் எண் 625001. முதல் இலக்கமாகிய 6, தமிழகம், கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. இரண்டாம் இலக்கம் சேர்ந்ததும் எல்லை சுருங்குகிறது: 60 முதல் 64 வரை தமிழகம். மூன்றாம் இலக்கமும் சேர்ந்து 625 ஆனதும் மதுரைப் பிரிப்பு வட்டாரம் தெரிகிறது. இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வழங்கும் தபால் நிலையத்தைச் சுட்டுகின்றன. தல்லாகுளம் 625002, பசுமலை 625004, திருப்பரங்குன்றம் 625005, அண்ணா நகர் 625020, பல்கலை நகர் 625021. நகரை விட்டு வெளியே வந்தால் மேலூர் 625106, அலங்காநல்லூர் 625501, உசிலம்பட்டி 625532, திருமங்கலம் 625706.

தென்னாட்டு வட்டாரங்கள் வரிசையாக அமைந்திருப்பதையும் காண்க. 623 இராமநாதபுரம், 624 திண்டுக்கல், 625 மதுரை, 626 விருதுநகர், 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி. ஆகவே கீழக்கரை 623517 என்றும், மேலப்பாளையம் 627005 என்றும், காயல்பட்டினம் 628204 என்றும் வருகின்றன.

இவ்வெண்கள் தபால் செல்லும் வழியைப் பின்பற்றுகின்றன, மாவட்ட எல்லையையன்று. 1996-இல் தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் தேனி 625531, பெரியகுளம் 625601, கம்பம் 625516 என அவை இன்றும் 625-லேயே தொடங்குகின்றன. ஆட்சி எல்லைகள் மாறினும் கடிதத்தின் வழி மாறவில்லை.

இன்னொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாம் எழுதும் இவ்விலக்கங்களை ஐரோப்பியர் அரபு எண்கள் என்பர். அரபியரோ தம் இலக்கங்களை இந்திய எண்கள் என்பர். இந்தியக் கணக்கு முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மீ அரபு மொழியில் விளக்கினார். அது பின்னர் மேலைநாடுகளுக்குச் சென்றது. எல்லா மொழியினருக்கும் பொதுவாகிவிட்ட அவ்வெண்களே, தம் தாயகத்தின் மொழிச் சிக்கலைத் தீர்க்க மீண்டும் துணைபுரிந்தன. தமிழ் அறியாத பிரிப்பாளரும் 6 என்பதைக் கண்டதும் தெற்கே அனுப்புவார்.

இரு சாட்சிகள்

வணிகர்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. பொருளைப் பெறும்போது விலையைச் செலுத்தும் வி.பி.பி. முறை 1877-இல் இந்தியாவில் தொடங்கியது. மதுரைச் சுங்குடிச் சேலையாயினும் ஒரு நூலாயினும், முகவரி பிழைபட்டால் பொருள் திரும்பி வரும். போக வரச் செலவு விற்றவர் தலையில் விழும். எண் வந்தபின், முகவரிப் புத்தகத்தை எண் வரிசைப்படி அமைத்து, ஒரே வட்டாரத்திற்குரியவற்றை ஒன்றாகக் கட்டி அனுப்ப முடிந்தது. சந்தாதாரர்களுக்கு இதழ் அனுப்புவோரும் இப்பயனைத் துய்த்தனர்.

எனினும் இதன் தலையாய பயன் விரைவன்று, பிழையைக் காட்டிக்கொடுப்பதே. கடன் பத்திரத்திற்கு இரு சாட்சிகள் வேண்டப்படுவது ஏன்? ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டுவதற்காக. முகவரியில் பெயர் ஒரு சாட்சி; எண் மற்றொரு சாட்சி. அண்ணா நகர், 625020 என்றிருந்தால் அது மதுரை. 600040 என்றிருந்தால் சென்னை. மதுரை என்று எழுதி 600-இல் தொடங்கும் எண்ணைக் குறித்திருந்தால், எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்பதை அனுப்புமுன்னரே கண்டுகொள்ளலாம். இன்று இணையத்தில் பொருள் விற்போர் எண்ணை முதலில் கேட்டு, ஊரின் பெயரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இச்சாட்சியத்தை நாடியே.

ஒரு சாட்சி மட்டும் போதாது என்பதையும் மறத்தலாகாது. எண் இருக்கிறதே என்று வீதியைச் சுருக்குவோர் உளர். ஆறு இலக்கங்கள் கடிதத்தைத் தபால் நிலையம் வரைதான் கொண்டுசெல்லும். வீட்டு வாயிலுக்கு அல்ல. நான்கு மாசி வீதிகளுக்கும் காஜிமார் தெருவுக்கும் 625001 என்ற ஒரே எண்தான். மேல, கீழ என்னும் சொல் இன்றும் தேவைப்படுகிறது. நாட்டிலுள்ள ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட தபால் நிலையங்களுக்கு எண்கள் ஏறத்தாழ 19,000 மட்டுமே. சுற்றுப்புறக் கிராமங்கள் பலவும் ஒரே எண்ணின் கீழ் அடங்குகின்றன. அங்கே கிளைத் தபால் நிலையத்தின் பெயரும் கதவு எண்ணும் இல்லையேல், தபால்காரரின் பழக்கமே துணை.

சிங்கப்பூரில் 1995 முதல் ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஆறு இலக்க எண் தனித்தனியே உண்டு. நம் தபால் துறையும் 2025-இல் 'டிஜிபின்' என்னும் புதுமுறையை வெளியிட்டது. நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறிகளை அது தருகிறது. அது இடத்தைச் சுட்டும். அங்கு வாழ்பவர் யார் எனச் சொல்லாது. சாட்சிகள் கூடலாம், பெயர் என்னும் முதற்சாட்சி விலகுவதில்லை.

இன்று கடிதம் குறைந்துவிட்டது, உண்மையே. ஆயின் வங்கி அட்டையும் கடவுச்சீட்டும் நீதிமன்ற அறிவிப்பும் தேர்வு அழைப்பும் இன்றும் முகவரியை நாடியே வருகின்றன. அவை தவறினால் நேரும் இழப்பு பழைய கடிதத்தின் இழப்பைவிடக் குறைந்ததன்று. ஆகவே ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளுக்குத் தம் முகவரியைப் பிழையின்றி எழுதப் பயிற்றுவோமாக: பெயர், கதவு எண், திசையோடு கூடிய வீதி, தபால் நிலையம், ஊர், இறுதியில் ஆறு இலக்கங்கள். பிறர் கையில் நாம் ஒப்படைக்கும் கடிதம் ஓர் அமானிதம். அதனைச் சேர்ப்பிப்பது அவர் பொறுப்பு; சேருமிடத்தை ஐயமறச் சொல்வது நம் பொறுப்பு.