ஷிஃப்டும் வீடியோ டெக்கும்

1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டி.வி. நிகழ்ச்சியை வீட்டில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது பதிப்புரிமை மீறலில்லை என்றது. ஐந்துக்கு நான்கு, மயிரிழைதான். அதே 1984-ஆம் வருஷத்துத் தமிழகச் சட்டமோ, வீடியோவில் படம் காட்ட லைசென்ஸ் கேட்டது. அங்கே டெக் நேரத்தைச் சேமிக்கிற கருவி. இங்கே அதிகாரத்தின் கண்ணுக்கு அது குட்டி சினிமாக் கொட்டகை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத்தான் பதிவு அதிகம் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் விழுந்தால் சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒலியும் ஒளியும்' போச்சு. டைமர் வைத்துப் பதியலாம்தான். ஆனால் டைமர் கேட்பது சொந்த டெக், நிற்காத கரண்ட். ராத்திரி வாடகைக்கு வந்து காலையில் திரும்புகிற டெக்கில் எதைப் பதிவது? 2006-இல் அரசு இலவசமாகக் கலர் டி.வி. தர ஆரம்பித்தது. பதிகிற பெட்டி அதில் இல்லை.